பேத்தை மீன் காற்றை விட்டது

ஜனவரியில் சூளூர்பேட்டைக்குப் போகிறவர்கள் பூநாரை பார்க்கப் போவார்கள். நான் பேத்தை மீன் பார்க்கப் போனேன். சீண்டினால் பந்தாக உப்புமாம். ஈரலைத் தின்றவன் பிழைப்பது அரிதாம். இதைக் கேட்டுவிட்டுச் சித்தூரில் சும்மா உட்கார முடியுமா?

முந்தின இரவே திருப்பதி வந்து, காலை ஐந்தரைக்கு அங்கே பேருந்து, எட்டுக்குச் சூளூர்பேட்டை. இருநூறு ரூபாய் பேசி, ஆட்டோவில் பழவேற்காட்டு ஏரிக்கரை. மீனவர் முனுசாமியும் மனைவி தேசம்மாவும் படகில் ஏற்றிக்கொண்டார்கள்.

“வலைய கடிக்கிற சனியன பாக்க பஸ்ஸு ஏறி வந்துக்கிறாரு பாரு,” என்று தேசம்மா சிரித்தார். “பேத்தைக்கு வாயி கத்திரி, வவுறு பானை, ஈரலு எமன்.” அந்தச் சொலவடையை அப்போதே மனதில் முடிந்துகொண்டேன்.

ஒன்பதரைக்கு முதல் வலை. மடவை மீன்களுக்கு நடுவே கிடந்தது பேத்தை! உள்ளங்கை அளவு, முதுகில் பால் தெளித்தாற்போல் புள்ளிகள், விலாவில் மஞ்சள் கோடு. முனுசாமி அதைப் பலகையில் போட்டு வயிற்றைச் சொறிந்தார். கர்ரென்று உறுமி, காற்றை விழுங்கி, பந்தாகிவிட்டது. நான் கைதட்டினேன். தேசம்மா தட்டவில்லை.

“இன்னாய்யா பண்ணிக்கினு இருக்கே? மொத வலைல வந்ததாச்சே.”

முதல் வலையில் வந்த பேத்தை உயிரோடு திரும்ப வேண்டும். செத்தால் அன்று மறு வலை இல்லை. அது அவர்கள் வீட்டு வழக்கம். முனுசாமி அவசரமாகத் தண்ணீரில் விட்டார். காற்றை விழுங்கியதால் மூழ்க முடியாமல், வயிறு மேலாக மிதந்தது. தலைக்கு மேல் ஒரு பருந்து வட்டமிட்டது.

“சாருக்காவத்தானே…” என்று இழுத்தார் முனுசாமி.

“அப்ப உன் வேடிக்கையத்தான் இன்னிக்கி கொயம்பு வெச்சி துன்னணும். சாரையே புடிக்கச் சொல்லு. தண்ணிக்குள்ள, தலை மேல, வாலு கீழ. வெரல வாயாண்ட வெக்காத சார்.”

குனிந்து பிடித்தேன். தோல் உப்புத்தாள் போலிருந்தது. அதன் கண் உருண்டு என்னையே பார்த்தது. பருந்தின் நிழல் என் கையைக் கடந்து போயிற்று. ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு ஒரு குமிழ். இன்னொன்று. அப்புறம் சரம் சரமாக. பந்து சுருங்கி, மீனாகி, விரலிடுக்கில் நழுவிச் சேற்றை நோக்கிப் போய்விட்டது.

“இன்னும் இன்னாத்த பாக்கறே? வலைய எறக்கு,” என்றார் தேசம்மா கணவரிடம்.

சித்தூர் சந்தையில் நான் பார்த்த மீனெல்லாம் ஐஸில் கண் விரித்துக் கிடப்பவை. ஒன்றும் என்னைப் பார்த்ததில்லை. திரும்பும் பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்டார், பூநாரை பார்த்தீர்களா என்று. ஏரி நிறைய இருந்ததாம். நான் கவனிக்கவே இல்லை.