குப்பைக்குப் போகாத கிறிஸ்துமஸ் மரங்கள்

புத்தாண்டு பிறந்து, கிறிஸ்துமஸ் மரங்கள் தெருவோரத்தில் குப்பையாக விழுந்ததும் லவோனின் பழைய பிக்கப் வண்டி புறப்பட்டுவிடும். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் காலமெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். எந்த வீட்டில் எவ்வளவு பெரிய மரம் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"என்ன லவோன், உங்களுக்கு மட்டும் கிறிஸ்துமஸ் முடியவே முடியாதா?" என்று கத்துவான் தபால்காரன் டுவேன்.

"வாய் பாத்துக்கிட்டு நிக்காம இந்த மரத்தோட அடியப் புடி!"

கிளைகளை வெட்டி, கிழங்கிலிருந்து முளைக்கும் ஐரிஸ் பூச்செடிகளின் பாத்திமேல் பரப்புவாள். பூச்செடிக்குப் போர்வை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். விஷயம் நேர் எதிர். உறைந்த மண் உறைந்தபடியே கிடக்கத்தான் அந்த மூடாக்கு. நடுக்குளிரில் வெயில் அடித்து மண் இளகி, மறுபடி இறுகினால் கிழங்கை வேரோடு வெளியே தள்ளிவிடும். வசந்தம் வரும்வரை யாராவது கிளையைத் தொட்டால் கடித்துக் குதறிவிடுவாள்.

அந்த வருடம் பாத்தியில் ஒரு புதுக் கிழங்கு இருந்தது. பக்கத்து வீட்டு ஆர்லிஸ் இடுப்பு ஒடிந்து முதியோர் இல்லத்துக்குப் போனாள். வீட்டை வாங்கியவர்கள் தோட்டத்தில் கான்கிரீட் போடுவதற்குள் லவோன் தோண்டி எடுத்து வந்தது. வருடா வருடம் மே மாதக் கடைசியில், இறந்துபோன கணவனின் கல்லறைக்கு ஆர்லிஸ் கொண்டுபோகும் மஞ்சள் ஐரிஸ் அது. நட்டபோது அக்டோபர் முடிந்துகொண்டிருந்தது. மண் உறைவதற்குள் வேர் பிடிக்க நேரமில்லை.

பிப்ரவரியில் திடீரென்று வெயில் காய்ந்தது. கிழங்கு உயிரோடுதான் இருக்கிறதா என்று பார்க்க லவோனுக்குக் கை பரபரத்தது. ஊருக்கே சட்டம் பேசியவள் கிளைகளை விலக்கினாள். கிழங்கு கெட்டியாக இருந்தது! நல்ல சேதி சொல்ல ஆர்லிஸிடம் ஓடியவள், பேச்சு சுவாரசியத்தில் கிளைகளை மறந்தே போனாள். இரவில் குளிர் திரும்பியது. காலையில் கிழங்கு வேரைக் காட்டிக்கொண்டு மண்மேல் கிடந்தது.

"அறிவுகெட்ட கழுத" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அழுத்திப் புதைத்தால் வேர் அறுந்துவிடும். சுற்றிலும் மணலை அணைத்து, மேலே கிளைகளைப் பரப்பினாள். ஆர்லிஸிடம் சொல்ல, பாவம், வாய் வரவில்லை.

மே கடைசியில் பாத்தி முழுக்க ஊதாவும் வெள்ளையும். ஆர்லிஸின் கிழங்கில் மட்டும் நாலு இலை. லவோன் அவளைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

ஆர்லிஸ் குனிந்து இலையை வருடினாள். "பூ?"

"அடுத்த வருஷந்தான்டி."

"அடிப்பாவி! இந்த வருஷத்தோட போய்ச் சேந்துடலாம்னு இருந்தேன். அடுத்த மே வரைக்கும் கட்டிப் போட்டுட்டியே!"

லவோனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"மூக்க உறிஞ்சாம அந்த ஊதாப் பூவுல ஒண்ண வெட்டு" என்றாள் ஆர்லிஸ். "மஞ்சள் பூக்குற வரைக்கும் நான் வரமாட்டேன்னு கல்லறையில அந்த மனுசன்கிட்ட சொல்லிட்டு வந்துருவோம்."