திரையில் ஆறு வரி

என் தங்கை ஜெனிஃபருக்கு ஹெப்பகோடியில் வேலை. கார் இருக்கைகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கிற தொழிற்சாலை. அங்கே அவள் தகடு அடிப்பதில்லை, காகிதம் பார்க்கிறாள். அப்படிச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "காகிதம் இல்லக்கா, டாக்குமெண்ட். இப்பல்லாம் ஃபைல்தான்" என்பாள். எந்த இயந்திரத்தில் எதை எப்படிச் செய்ய வேண்டும் என்ற குறிப்புகளைத் தயாரித்து, எண் கொடுத்து, இயந்திரத்தருகே உள்ள திரையில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்றுவது அவள் பொறுப்பு. கன்னடமும் இந்தியும் வேறு ஆட்கள் எழுதுவார்கள். தமிழ் இவள் கையில்தான். அந்த அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் பலர் உண்டு. எழுதிப் படிக்கத் தெரிந்தவள் இவள் ஒருத்தி.

கோலார் தங்கவயலில் ஐந்தாவது வரை தமிழ்வழியில் படித்தாள். சுரங்கம் மூடியதும் அப்பா எங்களைக் காக்ஸ் டவுனுக்குக் கூட்டிவந்தார், பள்ளி இங்கிலீஷ் ஆயிற்று. பி.காம் முடித்து, திருமண அழைப்பிதழ் அடிக்கிற ஒரு டிடிபி கடையில் உட்கார்ந்தாள். அங்கிருந்து இந்த வேலை. கம்ப்யூட்டர் படிப்பு எதுவும் கிடையாது. சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு ஏறி வந்தவள். ஒரு சொல் புரிந்துவிட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஃபோன் வரும். நான் இருக்கும் மஸ்கட்டில் ஞாயிறு வேலை நாள். அலுவலகத்து டீ மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி ஃபைல் பாடம் கேட்பேன்.

"அக்கா, வேர்ட் ஃபைல்ங்கிறது சமையல் குறிப்பு மாதிரி. யார் சமைக்கிறாங்களோ அவங்க வீட்ல இருக்கிற சாமானைப் போட்டுச் சமைப்பாங்க. பிடிஎஃப் அப்படியில்ல. சமைச்சு டப்பாவுல அடைச்சாச்சு. எங்க திறந்தாலும் அதே சாப்பாடு."

"எழுத்து?"

"அதான் ஃபான்ட். வேர்ட் ஃபைலுக்குள்ள எழுத்து போகாது, எழுத்தோட பேரு மட்டும் போகும். அந்தப் பேருல ஒண்ணு அந்த கம்ப்யூட்டர்ல இல்லன்னா, அது வேற ஒண்ணை எடுத்துப் போட்டுக்கும். நம்மள கேக்காது. நம்ம எழுத்தே போகணும்னா எம்பெட் பண்ணணும். ஊருக்குப் போறப்ப சொந்தத் தலையணையைத் தூக்கிட்டுப் போவாளே வனஜா சித்தி, அந்த மாதிரி."

இதெல்லாம் தெரிந்தவள்தான். தெரிந்தும் நடந்தது.

வார நாளில் அவள் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டுத்தான் எடுப்பேன். வெளிநாட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இப்படியா என்று தெரியவில்லை. திரையில் வீட்டு எண்ணைப் பார்த்ததும் அம்மாவின் முகம்தான் முதலில் வரும். அன்றும் அப்படித்தான் எடுத்தேன்.

"அம்மா நல்லா இருக்காங்க. அதில்ல. பிரஸ் ஷாப்ல குணசேகர்னு ஒருத்தன். ரெண்டு விரலு போச்சுக்கா."

பவர் பிரஸ்ஸில் சிக்கிய தகட்டுத் துண்டை எடுக்கக் கையை விட்டிருக்கிறான். அச்சின் மேல்பாதி இறங்கிவிட்டது. அச்சின் இரண்டு பாதிக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டையைச் சொருகிவிட்டுத்தான் கையை விட வேண்டும். சேஃப்டி பிளாக் என்பார்கள். அதை அவன் வைக்கவில்லை.

"குறிப்புல அது இருக்கா?" என்றேன்.

"ஏழாவது வரி. நான்தான் எழுதினேன்."

சொல்லும்போது குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பாவம், அது ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மறுநாள் மாலை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். குணசேகர் பங்காரப்பேட்டைக்காரன், எங்கள் பக்கத்து ஆள். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தான். சம்பிரதாயமாக நாலு வார்த்தை பேசிவிட்டு, மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"ஏம்ப்பா, பிளாக் வைக்கணும்னு ஸ்கிரீன்ல போட்டிருக்கே. படிக்கலையா?"

"எனக்குத் தமிழ் படிக்க வராதுக்கா. நான் கன்னட மீடியம்."

"அப்புறம் ஏன் தமிழ் ஷீட் வச்சிருந்தே?"

"சேரும்போது மாத்ருபாஷை இன்னான்னு கேட்டாங்க. தமிழ்னேன். வேற இன்னா சொல்லுவேன்? அன்னையிலேர்ந்து மெஷின் ஸ்கிரீன்ல என் கார்டு தேய்ச்சா தமிழ்தான் வருது."

"கன்னடத்துக்கு மாத்துங்கன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன?"

"வெக்கமா இருந்துச்சுக்கா. கூட வேலை செய்ற தர்மபுரி பசங்க ஏற்கெனவே ஓட்டுறானுங்க. 'இன்னாடா, ஊரு தங்கவயல் பக்கம், எழுத்து மட்டும் தகரமா'ன்னு." சிரிக்கப் பார்த்திருக்கிறான், முடியவில்லை. "ரவிக்குமார் நல்ல மாதிரி. மொத நாளே ஸ்கிரீனைப் படிச்சு சொன்னான். ஆறு வெஷயம். இந்தக் கைல அஞ்சு, அந்தக் கைல ஒண்ணுன்னு எண்ணி மனப்பாடம் பண்ணிக்கினேன். ஆறையும் பண்ணேங்க்கா. சத்தியமா."

"ஆறா? ஏழுப்பா."

"ஆறுதான்க்கா."

ரவிக்குமார் அவனுக்கு அடுத்த இயந்திரத்தில் நிற்கிறவன். காலையில் ஷிஃப்ட் தொடங்கும் முன்பே ஜெனிஃபர் அவனைக் கூட்டிக்கொண்டு அந்த பிரஸ்ஸுக்குப் போனாள். திரையில் குறிப்பை வரவழைத்து அவனையே படிக்கச் சொன்னாள். ஒன்றிலிருந்து ஆறு வரை படித்தான். ஆறாவது வரிக்குக் கீழே கட்டத்தின் கோடு. அதற்குக் கீழே கம்பெனி முத்திரை, குறிப்பின் எண், ஒப்புதல் அளித்தவர் என்று அவள் பெயர்.

"வெட்டுப்பட்ட மாதிரியே தெரியலக்கா" என்றாள் என்னிடம். "பாதி எழுத்து தெரிஞ்சிருந்தாகூட எவனாவது இன்னாதுன்னு கேட்டிருப்பான். அவ்ளோ சுத்தமா இருக்கு."

நடந்தது இதுதான். முன்பெல்லாம் பிடிஎஃப் போட்டு, அச்சடித்து, இயந்திரத்தருகே ஒட்டுவார்கள். இந்த வருடம் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் டேப்லெட் வைத்தார்கள். வேர்ட் ஃபைலை அப்படியே ஏற்றினால் போதும், சர்வரே படமாக மாற்றித் திரைக்கு அனுப்பிவிடும் என்றார்கள். சர்வரில் கன்னட எழுத்து இருந்தது, இந்தி இருந்தது. இவள் பயன்படுத்துகிற தமிழ் எழுத்து இல்லை. அது வேறொரு தமிழ் எழுத்தைப் போட்டுக்கொண்டது. அந்த எழுத்து கொஞ்சம் உயரம். வரிகள் விலகின, ஏழாவது வரி கட்டத்துக்கு வெளியே போயிற்று.

அதுகூடப் பரவாயில்லை, கட்டம் நீண்டிருந்தால். கட்டத்தின் உயரத்துக்கு வேர்டில் இரண்டு வழி உண்டாம். 'அட்லீஸ்ட்' என்று வைத்தால் எழுத்துக்கு ஏற்பக் கட்டம் வளரும். 'எக்ஸாக்ட்லி' என்று வைத்தால் வளராது. மிஞ்சுவதை மறைத்துவிடும். பக்கத்திலே இயந்திரத்தின் படம், எல்லாம் ஒரே பக்கத்தில் அழகாக அடங்கட்டும் என்று எக்ஸாக்ட்லி வைத்தவள் ஜெனிஃபர்தான். வைத்துவிட்டுத் தன் கம்ப்யூட்டரில் பார்த்தாள். அதில் அவளுடைய எழுத்து இருந்தது, ஏழு வரியும் தெரிந்தது. சரி என்று ஒப்புதல் கொடுத்தாள்.

"கீழ போய் ஒரு தடவை பார்த்திருந்தா போதும்க்கா. மாடிப்படி எறங்கணும், அவ்வளவுதான்."

 

ஆலையின் மேலாளர் சீனிவாசராகவன். மல்லேஸ்வரத்துக்காரர், தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. ஜெனிஃபர் போய் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஜெனிஃபர், அந்தப் பையனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதாமே? எச்.ஆர்.ல சொன்னா."

"ஆமா சார்."

"அப்போ ஏழு வரி இருந்தா என்ன, எழுபது வரி இருந்தா என்ன? படிக்கத் தெரியாத பாஷையை அவனே கேட்டு வாங்கிண்டான். பொய்த் தகவல் கொடுத்திருக்கான். உன் ஃபைல் சரியா இருக்கு, நானே உன் லேப்டாப்ல பார்த்தேன். நீ எதுக்கும்மா நடுவுல வரே?"

"அவன் வேலை போயிடும் சார்."

"உன் வேலை இருக்குமே. நான் உனக்காகத்தான் சொல்றேன்."

அவர் கெட்டவர் இல்லை என்று ஜெனிஃபர் பலமுறை சொன்னாள். அவரும் பயந்துதான் போயிருந்தாராம். டேப்லெட் வைக்கிற யோசனையே அவருடையது.

வீட்டுக்கு வந்தால் அம்மா. "பெரியவரே சொல்றாரு, நீ எதுக்குடி தலையைக் குடுக்கிற? உங்கப்பா போனப்புறம் இந்த வீட்டுக்கு வாடகை யாரு கட்டுறா? மஸ்கட்லேர்ந்தா வருது?" அது எனக்கும் சேர்த்து விழுந்த அடி. ஃபோனில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, அவன் படிக்கலதான். ஆனா படிச்சு சொன்னதைக் கேட்டான் இல்ல? ஏழு சொல்லியிருந்தா ஏழும் பண்ணியிருப்பான். அப்படிப்பட்ட ஆளு" என்றாள் ஜெனிஃபர். அம்மா டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார்.

விசாரணை மாடியில், கண்ணாடி அறையில். சீனிவாசராகவன், எச்.ஆர். நிருபமா, பாதுகாப்பு அதிகாரி கோவிந்தப்பா. குணசேகரை ஆஸ்பத்திரியிலிருந்து ஆட்டோ வைத்து வரவழைத்திருந்தார்கள், துணைக்கு ரவிக்குமார். ஜெனிஃபரின் லேப்டாப்பிலிருந்து சுவரில் பெரிதாகத் தமிழ்க் குறிப்பு விழுந்தது. ஏழு வரியும் பளிச்சென்று. ரவிக்குமார் அதைப் பார்த்துவிட்டு எழுந்தே விட்டானாம்.

"ஐயோ, இது நான் படிச்சதில்லங்க! கடைசி வரி அங்க இல்லவே இல்ல."

"உக்காருப்பா" என்றார் சீனிவாசராகவன். "ஃபைல் இதுதான். ஜெனிஃபர், இதுதானே ஒரிஜினல்?"

ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. அவள் சொன்னதும் ஆமாம்தான். "ஆமா சார், ஃபைல் இதுதான். அவங்க பார்த்தது இது இல்ல. மெஷின் கிட்ட போகலாம்."

"எதுக்கு?"

"ஃபைலை யாரும் பார்க்கிறதில்ல சார். ஃபைலை மெஷின் எப்படிக் காட்டுதோ அதைத்தான் பார்க்கிறோம். இங்க ஒரு மாதிரி காட்டுது, அங்க ஒரு மாதிரி."

கோவிந்தப்பா உடனே எழுந்தார். எல்லோரும் இறங்கிப் போனார்கள். ஜெனிஃபர் தன் லேப்டாப்பை டேப்லெட்டுக்குப் பக்கத்தில் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். நிருபமாவுக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. வரிகளின் தொடக்கத்தில் இருந்த எண்களில் விரலை வைத்து, "ஒந்து, எரடு, மூரு" என்று எண்ணிக்கொண்டே வந்தாள். ஆறில் விரல் நின்றது. லேப்டாப்பில் எண்ணினாள். ஏழு. எந்த மொழிக்காரரும் எண்ணியிருக்கலாம். எண்ணுவதற்கு யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"இது சர்வர் தப்பா?" என்று கேட்டார் கோவிந்தப்பா.

"பாதி. எழுத்தை மாத்தினது சர்வர். கட்டத்தை வளர விடாம பூட்டினது நான். இங்க வந்து பார்க்காம ஓகே பண்ணதும் நான்தான்."

இதைச் சொல்லும்போது குணசேகர் பக்கத்தில்தான் நின்றான். அவனுக்கு அதுவரை இது தெரியாது. ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்த அக்கா, அவ்வளவுதான் தெரியும். கட்டுப் போட்ட கையை இன்னொரு கையால் தாங்கிக்கொண்டானாம்.

அவனை வேலையிலிருந்து எடுக்கவில்லை. காயம் ஆறியதும் ஸ்டோருக்கு மாற்றினார்கள், நெட்டு போல்ட்டு எண்ணிக் கொடுக்கிற வேலை. ஆட்களிடம் பேசத் தெரிந்த மொழி, படிக்கத் தெரிந்த மொழி என்று தனித்தனியாகக் கேட்கச் சொன்னார் கோவிந்தப்பா. ஜெனிஃபருக்கு ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் போயிற்று. அவள் வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று கேட்டால் சீனிவாசராகவன், "பார்க்கலாம்மா" என்கிறார். அந்த வார்த்தையை நினைத்து நான் இங்கே தூக்கம் கெட்டுக் கிடக்கிறேன். அவள் அங்கே தூங்குகிறாளா என்று கேட்கத் தைரியமில்லை.

விசாரணை அறிக்கையை எல்லா மொழியிலும் திரையில் போட வேண்டும் என்று முடிவாயிற்று. போட வேண்டியவள் டாக்குமெண்ட் கன்ட்ரோலர், அதாவது ஜெனிஃபர். காரணம் என்ற இடத்தில் தன் பெயர் இருக்கிற அறிக்கையைத் தானே தமிழில் எழுதி, எழுத்தை உள்ளே வைத்து பிடிஎஃப் ஆக்கி, எண் கொடுத்து ஏற்றினாள். ஏற்றிவிட்டு ஒவ்வொரு திரையாகப் போய்ப் பார்த்தாள். கடைசியாக ஸ்டோர்.

அங்கே குணசேகர் இருந்தான். டீ குடிக்க வந்த ரவிக்குமார் பக்கத்தில். கன்னட அறிக்கையும் அதே திரையில் வரும். ஆனாலும் அவன் தமிழைத்தான் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தான். ஜெனிஃபர் எழுதியதைக் கேட்கத்தானோ என்னவோ. ரவிக்குமார் அவள் பெயர் வந்த இடத்தில் மட்டும் குரலைத் தாழ்த்தினான். பிறகு முடித்தான்.

"அவ்ளோதானா?" என்றான் குணசேகர்.

"அவ்ளோதான்ப்பா" என்றாள் ஜெனிஃபர்.

அவன் அவளைப் பார்க்கவில்லை. நன்றாக இருந்த கையை நீட்டித் திரையின் அடிப்பகுதியைத் தொட்டு, பக்கத்தை மேலே தள்ளிப் பார்த்தான். அசையவில்லை.

"ரவி, நீ பாரு. கீழ வேற ஏதாச்சும் இருக்கா?"