தரையில் அணையும் விளக்கு

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் பூக்கட்டும் பேஸ்மெண்டில் எலிகள் காணாமல் போனபோது எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் எலி உள்ளே வரும், வெளியே போகாது. பொறியும் வைக்காமல் மருந்தும் வைக்காமல் ஒரு கூட்டமே எங்கே போயிருக்கும் என்று கேட்டேன். கடைப்பூனையோ எலியைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

"ஒனக்கு எதுலதான்ட்டி நிம்மதி?" என்றார் மதினி.

மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. தாராவியில் ஒரே அறையில் மூன்று பேரும் இருந்தோம். எனக்கும் மதினிக்கும் சண்டை வராத நாள் கிடையாது. அவர் வராமல் நான் தட்டு வைத்ததும் கிடையாது. காலையில் சேர்ந்தே போய் அண்ணாச்சியின் பூக்கடைக்குக் கீழே இறங்குவோம். அங்கே பாதி இடத்தை கோல்ட் ரூம் அடைத்துக்கொண்டிருக்கும். ரோஜாவும் லில்லியும் வாடாமல் இருக்க ஒரு குளிர் அறை. மீதி இடம் எங்களுக்கு. மதினி சாக்கை விரித்துக் கோல்ட் ரூம் சுவரோரம் தரையில் உட்காருவார். எனக்கு முட்டி மடங்காது. ஸ்டூலில் உட்கார்ந்துதான் கட்டுவேன். அதற்காக என்னை "மகாராணி" என்று கேலி செய்வார்.

கோல்ட் ரூமில் அடிக்கடி குளிர் குறையும். என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். அவர் வந்து சிலிண்டரை மாட்டி, குளிரூட்டும் கேஸ் அடித்துவிட்டுப் போவார். கேஸ் கசியும் ஓட்டை எங்கே என்று தேட வேண்டுமானால் பூவையெல்லாம் வெளியே எடுத்து, எந்திரத்தைப் பிரிக்க வேண்டும். "பூ வாடிரும்டே, இப்போதைக்கு ஓட்டிவிடு" என்பார் அண்ணாச்சி. வீட்டுக்காரரும் ஓட்டிவிடுவார். ஊரில் பாதி மெக்கானிக்குகளுக்கு அதுதான் வேலை.

அந்த வருஷம் சர்டிபிகேட் இல்லாதவர்களைப் பெரிய கட்டடங்களில் உள்ளே விடமாட்டோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் வீட்டுக்காரர் செம்பூரில் ஒரு வகுப்பில் சேர்ந்தார். அவர்கள் கொடுத்த தாள்கள் இங்கிலீஷில் இருந்தன. நான் படித்துத் தமிழில் சொல்ல, அவர் சாப்பிட்டுக்கொண்டே திருப்பிச் சொல்ல வேண்டும். எந்திரத்தில் உள்ள கேஸை வெளியே விடாமல் சிலிண்டரில் பிடித்துவைப்பது ரிக்கவரி. பிடித்ததில் எண்ணெயையும் ஈரத்தையும் நீக்கி மறுபடி பயன்படுத்துவது ரீசைக்கிள். ஆலைக்கு அனுப்பிப் புதுசுக்குச் சமமாகச் சுத்தம் செய்து சோதிப்பது ரீக்ளெய்ம். கடைசி இரண்டையும் தினமும் மாற்றிச் சொல்வார். தினமும் எனக்குக் கோபம் வரும்.

ஒருநாள் காலையில், "கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் நிரப்பக் கூடாது" என்று வாசித்தேன். வேண்டுமென்றே இரண்டு தடவை வாசித்தேன்.

"அதெல்லாம் பேப்பர்ல எழுதுததுக்கு" என்றார்.

"அப்போ நீங்க அடிச்சு அடிச்சு விடுத கேஸ் எங்கதான் போவுது?"

"எங்க போவும்? ஹவாவோட ஹவாவா, காத்தோட காத்தா போயிரும். டென்ஷன் எடுக்காத."

அடுத்த வரியையும் வாசித்தேன். நிறம் கிடையாது, மணம் கிடையாது, காற்றைவிடக் கனம், தாழ்ந்த இடத்தில் தேங்கும். அவர் கை கழுவப் போய்விட்டார். நான் தாளை மடித்துவைத்தேன்.

அதற்கு முன்பே பேஸ்மெண்டில் விளக்கு சரியாக எரியவில்லை. சாமி படத்துக்கு முன்னால் தரையில் வைக்கும் பித்தளை விளக்கு அது. பொழுது சாயும்போது அண்ணாச்சி இறங்கி வந்து ஏற்றுவார். சில நாள் சுடரின் ஓரம் பச்சையாகத் தெரியும். பிறகு யாரோ விரலால் அமுக்கியதுபோல அணைந்துவிடும். மூக்கைக் குத்தும் ஒரு நெடி வரும். எண்ணெயை மாற்றினார், திரியை மாற்றினார். கடைசியில் விளக்கையே தூக்கி மேல் தட்டில் வைத்தார். அங்கே ஆடாமல் அசையாமல் எரிந்தது. சாமிக்கு அந்த இடம்தான் பிடித்திருக்கிறது என்று சொல்லி எல்லோரும் கும்பிட்டுக்கொண்டோம்.

மதினியின் குரலும் சரியில்லை. உட்கார்ந்து பேசும்போது ஏதோ கட்டையாகக் கேட்கும். எழுந்து நின்று பேசினால் பழைய குரல் வந்துவிடும். குளிர் பிடித்திருக்கிறது என்று கஷாயம் குடித்தார்.

நான் தாள் வாசித்த அன்றைக்கே கோல்ட் ரூமில் மறுபடி குளிர் போய்விட்டது. வீட்டுக்காரர் முற்பகலில் வந்து கேஸ் அடித்துவிட்டுப் போனார். நல்ல மழை. தெருத்தண்ணீர் இறங்காமல் இருக்கப் படிக்கட்டுக் கதவின் அடியில் பலகை வைத்து, இடுக்கில் எல்லாம் பிளாஸ்டிக் திணித்திருந்தோம். சாயங்காலம் அண்ணாச்சி பலகையைத் தாண்டி விளக்கேற்ற வந்தார். ஏற்றி முடித்தபோது மதினி, "தலைய சுத்துதுட்டி" என்றார்.

"கொஞ்சம் படு தாயி, சரியாயிரும்" என்றார் அண்ணாச்சி. தலை சுற்றினால் தரையில் படுக்க வைப்பதுதானே நம் வழக்கம். மதினி சாக்கிலேயே சாய்ந்தார்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மதினியின் முகத்தைப் பார்க்கலாம் என்று தட்டிலிருந்த விளக்கை எடுத்து வந்து குனிந்தேன். என் முழங்கால் உயரத்தில் சுடர் பச்சையாகிச் செத்தது. தீக்குச்சி கிழித்தேன். நின்றபடி பிடித்தால் எரிந்தது. கீழே இறக்கினேன், அதே உயரத்தில் அணைந்தது. இன்னொன்று கிழித்தேன். அதுவும் அங்கேதான் அணைந்தது. அந்த இருட்டில் கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் நிற்பதுபோலவும் மதினி அதன் அடியில் கிடப்பதுபோலவும் இருந்தது.

அவர் காதருகே முகத்தைக் கொண்டுபோய், "மதினி" என்று கூப்பிட்டேன். என் வாயிலிருந்து ஓர் ஆம்பளைக் குரல் வந்தது.

 அண்ணாச்சிக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "காத்து கருப்புதான்! கதவ சாத்து, சூடம் கொளுத்துதேன்" என்று தடுமாறினார். கதவு என்ற சொல்லைக் கேட்டதும் காலையில் மடித்துவைத்த தாள் நினைவுக்கு வந்தது. பேயில்லை, குரலைக் கட்டையாக்கியதும் கேஸ்தான். தாழ்ந்த இடத்தில் தேங்கும்.

"சூடமும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம், அவங்க கால பிடிங்க அண்ணாச்சி!" என்று முதலாளி என்றும் பாராமல் கத்தினேன். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து தோளைப் பிடித்தேன். பூ பிரிக்கும் மேசைமேல் முதலில் தூக்கிப்போட்டோம். பலகையை உதைத்துத் தள்ளிவிட்டுப் படிகளில் இழுத்துக்கொண்டு மேலே வந்தோம். நடைபாதையில் மழை முகத்தில் விழுந்ததும் மதினி ஒரு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

சயான் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். கண் திறந்து அவர் சொன்னது இதுதான்: "யாரோ நெஞ்சு மேல ஜில்லுனு கைய வச்ச மாதிரி இருந்துச்சுட்டி. பயமே இல்ல. சுகமா இருந்துச்சு." 

மறுநாள் என் வீட்டுக்காரர் பேஸ்மெண்டைத் திறந்து ஃபேன் போட்டு, பூவையெல்லாம் வெளியே எடுத்து, எந்திரத்தைப் பிரித்தார். செப்புக் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. மதினி சாய்ந்து உட்காரும் சுவருக்கு நேர் பின்னால் இருந்தது. குழாயின் அடியில் கடைப்பூனை சுருண்டு கிடந்தது. தூங்குவதாகவே நினைத்தாராம்.

பரீட்சை நெருங்கியது. மறுபடி தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதினி சுவரோரம் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ரீசைக்கிளையும் ரீக்ளெய்மையும் வீட்டுக்காரர் அன்று சரியாகச் சொன்னார். அடுத்ததைக் கேட்க எனக்கே தயக்கமாக இருந்தது, ஆனாலும் கேட்டேன்.

"கசிஞ்ச கேஸ் எங்க போவும்?"

அவர் சாப்பாட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார். தூங்கும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

"அக்கா இருக்க எடத்துக்கு" என்றார்.

தாளில் இருந்த விடை அது இல்லை. நான் திருத்தவில்லை.