மயிலிட்டியின் முதல் பஸ்

காலை 5.40. மயிலிட்டித் துறைமுகத்துக்கு அருகே பஸ்ஸுக்காக நின்றோம். மருத்துவ சேவை எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று பதினெட்டு ஆண்டுகளாகக் கொழும்பில் இருந்துகொண்டு ஆராய்ந்து எழுதுகிறேன். நோயாளி ஒருவரோடு பஸ் ஏறுவது இதுவே முதல் தடவை. சொல்ல வெட்கமாக இருக்கிறது.

என்னுடன் நின்றவர் யோகராணி அக்கா. கணவர் கடலுக்குப் போயிருந்தார். சலரோகத்தால், அதாவது நீரிழிவால், அக்காவின் வலது கால்விரலில் ஆறாத புண். மருத்துவமனைக்குப் போக ஓட்டோவுக்கு மூவாயிரம் ரூபாய் கேட்டார்கள்.

"ஏழு மணிக்குள்ளை போனாத்தான் நம்பர் துண்டு தருவினம், தங்கச்சி. இந்த மாதம் ரெண்டு தரம் போய்ச் சும்மா திரும்பி வந்திட்டன்."

6.15க்குத்தான் முதல் பஸ் வந்தது. மருதனார்மடம் சந்தியில் இறங்கி, மரக்கறி மூட்டைகளுக்கு நடுவே அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். அக்கா இடது காலில் மட்டும் பாரம் கொடுத்து நின்றார். ஏறத்தாழ பதினெட்டுக் கிலோமீற்றர் கடந்து மருத்துவமனை வாசலை அடைந்தபோது நேரம் 7.25.

"நம்பர் முடிஞ்சுது. வாற செவ்வாய் வாங்கோ." கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"முதல் பஸ்ஸே ஆறேகாலுக்குத்தான். பிறகு எப்பிடி ஏழுக்கு வாறது?" என்று கேட்டேன்.

"அதைப் பஸ்காரரிட்டைக் கேளுங்கோ."

கொழும்பு ஆய்வு நிறுவனம் தந்த என் அலுவலக அட்டையை எடுத்து நீட்டினேன். மனிதர் எழுந்தே விட்டார். "முதலே சொல்லியிருக்கலாமே, மேடம்!"

துண்டு உடனே வந்தது. சீழ் வடியும் காலுக்கு இல்லாத நம்பர் என் அட்டைக்கு இருந்தது. எங்களுக்குப் பின்னால் இருமிக்கொண்டு ஒரு பெரியவர் நின்றார்.

"இவருக்கும் குடுங்கோ."

"உங்களோடை வந்தவரோ?"

"ஓம்," என்று பொய் சொன்னேன்.

10.50க்கு மருத்துவர் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். "விரலை எடுக்கவேணும். ரெண்டு கிழமைக்கு முன்னம் வந்திருந்தால் காப்பாத்தியிருக்கலாம்."

"வந்தவ, டொக்டர்! ரெண்டு தரம் வந்தவ!" என் குரல் உயர்ந்துவிட்டது. அவர் பேனையை வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தார்.

வார்ட்டில் படுத்த அக்கா என் கையைப் பிடித்தார். "இவர் கரைக்கு வந்தாப் பிறகு சொல்லுங்கோ, தங்கச்சி. கடலிலை நிண்டு பயப்பிடுவார்."

பிற்பகல், பஸ் நேரத்தையும் துண்டு நேரத்தையும் அருகருகே எழுதி, மருத்துவமனைப் பொறுப்பதிகாரியின் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். "பார்ப்பம்," என்றார். பதில் கிடைக்கும் வரை செவ்வாய்தோறும் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு, மாலை ரயிலில் கொழும்புக்குப் புறப்பட்டேன்.

அங்கே என் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் பன்னிரண்டு நிமிட நடை. அதைப் பயணம் என்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை.