கோல் போடாத முனியாண்டிக்கு நான் எழுதிய நோட்டு

கோல் போட்டவனைப் பற்றி எழுத ஒரு வரி போதும். கோல் போடாதவன் என்ன கிழித்தான் என்று எழுதத்தான் என்னை மாதிரி ஒரு ஆள் வேண்டும். கோட்டோரம் நோட்டும் பென்சிலுமாக வெயிலில் காய்ந்த சகோதரர்களே, உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

மலாயாவில் ஜொகூர் நாட்டுக் கால்பந்து அணிக்கு முன்வரிசை ஆட்களைப் பொறுக்கும் வேலை எங்கள் எஸ்டேட் துரையிடம் இருந்தது. அவர் ஆட்டம் பார்க்க வருவது அபூர்வம். பார்த்து எழுதும் வேலை ஆபீஸ் கணக்கெழுதும் கிராணி அருளப்பன் மூலமாக எனக்கு வந்தது. எனக்கு வயது பதினாறு. யார் குரலிலும் பேசுவேன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது.

வெறும் ஓட்டம்

முனியாண்டி எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவன், அணியில் செண்டர் பார்வர்டு. மூன்று ஆட்டமாகக் கோல் இல்லை. நாலாவதிலும் உருப்படியாக ஒன்றும் இல்லையென்றால் சிங்கப்பூர் ஆட்டத்துக்கு அவன் வேண்டாம் என்று துரை சொல்லியனுப்பினார். அவனோ பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுத் தயாராக வைத்திருந்தான். எனக்கு மனசு கேட்கவில்லை. மூன்று ஆட்டத்துக்கும் ‘நன்றாக ஓடுகிறான்’ என்று எழுதினேன். கிராணி படித்துவிட்டுத் தலை தூக்காமலேயே சொன்னார்: “ஓடுறதுக்கு ஆள் வேணும்னா மாட்டுக்கொட்டாயில நாலு நிக்குது. இவன் ஓடினதால யாருக்கு என்ன ஆச்சு, அத எழுதுடா.”

புதருக்குப் பின்னால் துரை

நாலாவது ஆட்டம் மெர்சிங்காரர்களோடு. முனியாண்டி கோல் வாசலிலேயே நின்றான். கோலைக் காக்கும் மெர்சிங் பேக் ஆட்டக்காரர்கள் இரண்டு பேரும் அவனை ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பார்க்கவே அலுப்பாக இருந்தது. நான் செம்பருத்திப் புதருக்குப் பின்னால் போய், துரையின் குரலில், ஏய் முனியாண்டி, பின்னால வா என்று ஒரு அதட்டல் விட்டேன். துரை அன்று ஜொகூர்பாருவில் இருந்தார், எல்லாருக்கும் தெரியும். ஆனால் எஸ்டேட்டில் அந்தக் குரல் கேட்டால் யாரும் யோசிப்பதில்லை, கால் தானாகப் போகும். கிராணி எழுந்து நின்று சுருட்டை மிதித்து அணைத்தார். முனியாண்டி நடுத்திடலுக்கு ஓடினான். இரண்டு பேக்கும் அவன் பின்னாலேயே ஓடினார்கள். வாசல் முன்னால் ஈ காக்கை இல்லை. இடது பக்கமிருந்து எங்கள் அணி ஹமீது நடந்தே போய்ப் பந்தை உள்ளே தள்ளினான்.

அதற்கப்புறம் முனியாண்டி பின்னால் போகும்போதெல்லாம் அவர்களும் போனார்கள். இன்னும் இரண்டு கோல், இரண்டும் ஹமீது. ஆட்டம் முடிந்ததும் மெர்சிங் பேக்கில் ஒருவர், படகுக்கார அந்தோணி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னார்: “அவன் போட மாட்டான்னு தெரியும்லா தம்பி. விட்டுட்டு நின்னா இன்னிக்குன்னு பார்த்துப் போட்டுடுவானோன்னுதான் பின்னாலயே போனோம்.”

துரை விரல் வைத்த வரி

எல்லாவற்றையும் எழுதினேன். அவசரத்தில் ‘துரை கூப்பிட்டதும் பின்னால் போனான்’ என்றும் எழுதித் தொலைத்தேன். மறுநாள் ஆபீஸில் துரை அந்த வரியில் விரலை வைத்து, நான் எப்போது கூப்பிட்டேன் என்றார். கதவருகே முனியாண்டி துண்டைப் பிசைந்துகொண்டு நின்றான். நான் மழுப்பினால் நோட்டு முழுக்கப் பொய்யாகிவிடும், அவன் சிங்கப்பூர் போன மாதிரிதான். ஒப்புக்கொண்டேன். பேசிக் காட்டச் சொன்னார். பேசிக் காட்டினேன், அவர் குரலிலேயே, அவர் முகத்துக்கு நேராக. கிராணி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

துரை அந்த மூன்று கோலையும் மறுபடி படித்தார். முனியாண்டி பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டு, தமது அரைத் தமிழில் சொன்னார்: “நல்ல யோசனை. நான்தான் கூப்பிட்டது. அவன் சிங்கப்பூர் போறான்.”

சிங்கப்பூரிலும் முனியாண்டி கோல் போடவில்லை, ஹமீது இரண்டு போட்டான், பாராட்டெல்லாம் துரைக்குப் போனது, எனக்கு முதுகுத்தோல் மிஞ்சியது. இந்தத் தொழிலில் இதைவிட நல்ல முடிவை நான் கண்டதில்லை.