கலியாண மண்டபத்து வாசலில் என் லொறி

லொறி ஓட்டப்போகிறேன் என்று நான் முதலில் சொன்னது பகிடிக்குத்தான்.

டேனிஷ் நகரமான வைலேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பல வருடங்களாக வேலை செய்துகொண்டிருந்தேன். ஆட்களைத் தூக்கி, திருப்பி, நிமிர்த்தி இருத்தி, கடைசியில் என் வலது தோள் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. இனி ஆட்களைத் தூக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். நகரசபை அலுவலகமான கொமூனில் கூப்பிட்டார்கள். அங்கே ஓர் இளம்பெண் கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு, வேறு என்ன வேலை செய்ய விருப்பம் என்று கேட்டாள். அலுவலகமா, பாடசாலைச் சமையலறையா, கடையா என்று அவளே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனாள். எனக்கு ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. யன்னலுக்கு வெளியே ஒரு கொண்டெய்னர் லொறி சந்தியில் திரும்பிக்கொண்டிருந்தது. அவ்வளவு நீளத்தையும் ஒரு சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவதுபோல வளைத்து எடுத்துக்கொண்டு போனது.

"அது," என்று கையைக் காட்டினேன். காட்டிவிட்டுச் சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. யன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சாரதிகளுக்குச் சரியான தட்டுப்பாடு," என்று சொல்லிவிட்டு டக்டக்கென்று தட்டத் தொடங்கினாள். கொமூனில் பகிடி விடுவதென்றால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் விடவேண்டும்போல. ஆனால் அவள் தட்டத் தட்ட எனக்குள்ளே ஏதோ கிளுகிளுத்தது. நிறுத்தச் சொல்லவில்லை.

வீட்டில் சொன்னபோது கணவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையை மேசையில் வைத்தார்.

"நீர் கடையடியிலை காரை விடவே ரெண்டு காருக்கான இடம் எடுக்கிறனீர். லொறியோ?"

"அதுதான்ப்பா, லொறிக்கெண்டால் அவங்களே நிறைய இடம் தருவாங்கள்."

மகள் தன் அறையிலிருந்து ஓடிவந்து, "வில்ட், மோ!" என்று கத்தினாள். தமிழில் கேட்டாலும் டேனிஷில்தான் பதில் சொல்லுவாள். 'பயங்கரம், அம்மா!' என்று அர்த்தம். அவளுடைய வயதில் அது மிகப் பெரிய பாராட்டு.

ஹொல்ஸ்டெப்ரோவில் இருக்கும் மச்சாள், அதாவது கணவரின் அக்கா, அன்றைக்கே தொலைபேசியில் வந்துவிட்டா.

"உமக்கென்ன விசரே? ஆம்பிளையள் செய்யிற வேலை. பின்னாலை சனம் என்ன கதைக்கும்?"

"சனம் பின்னாலை நிக்காட்டில் சரி மச்சாள். பின்னுக்கு எடுக்கேக்கைதான் பயம்," என்றேன். மச்சாள் போனை வைத்துவிட்டா.

பயிற்சியில் உண்மையிலேயே அதுதான் பயமாக இருந்தது. இழுவை வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் வால் வலப்பக்கம் போகும். இது தெரிந்தால் மட்டும் போதாது, கை நம்பவேண்டும். சமையலறை மேசையில் கைபிடி வைத்த தாச்சிச் சட்டியை வைத்து, கைபிடிதான் லொறி, தாச்சிதான் கொண்டெய்னர் என்று வைத்துக்கொண்டு, மிளகாய்த்தூள் போத்தலுக்கும் உப்புப் போத்தலுக்கும் இடையில் பின்னுக்குத் தள்ளித் தள்ளிப் பழகினேன். முதல் கிழமை உப்புத்தான் அதிகம் கொட்டுப்பட்டது. அனுமதிப்பத்திரம் கிடைத்த அன்று பரீட்சை வைத்தவரைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் விறைத்துப்போய் நின்றார். பிறகு முதுகில் இரண்டு தட்டுத் தட்டினார்.

ஓர்ஹுஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நிறுவனம் என்னை எடுத்தது. ஆரம்பத்தில் வேலை பழக்க என்னோடு கூட வந்த சாரதி என்னைவிட எவ்வளவோ இளையவள். கையில் தன் நாயின் முகத்தைப் பச்சை குத்தியிருந்தாள். வாய் ஓயாமல் கறுப்பு லக்ரிஸ் இனிப்பைச் சப்பிக்கொண்டே எல்லாவற்றையும் காட்டித்தந்தாள். துறைமுகத்துக்குள் போனால் லொறியைக் கோட்டுக்குள் நிறுத்தி, கொண்டெய்னரின் நான்கு மூலைப் பூட்டுகளையும் திறந்துவிட்டு, இறங்கித் தள்ளி நிற்கவேண்டும். அப்போது ஒரு வீட்டைவிட உயரமான இயந்திரம், நான்கு நெட்டைக் கால்களோடு, எங்கள் லொறியைக் கால்களுக்கிடையில் விட்டுக்கொண்டு வந்து நிற்கும். மேலேயிருந்து கையை இறக்கிக் கொண்டெய்னரைப் பிடித்துத் தூக்கும். முதல்முறை பார்த்தபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இரண்டாம் முறை கைதட்டினேன். மூன்றாம் முறை ஒரு மூலைப் பூட்டைத் திறக்க மறந்துபோனேன். கொண்டெய்னரோடு சேர்ந்து என் வண்டியின் பின்பக்கமும் ஒரு மூலையால் மெல்ல எழும்பியது. எங்கேயோ ஒரு சங்கு அலறியது. மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தவர் இரண்டு கைகளையும் விரித்து, "என்னம்மா இது?" என்பதுபோலக் கேட்டார். நாய்ப்பச்சைக்காரி நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். "எல்லாரும் ஒருதடவை செய்வார்கள். நீ சீக்கிரம் செய்து முடித்துவிட்டாய்," என்றாள். அதற்குப் பிறகு நான்கு மூலையையும் கையால் தொட்டு, வாய்விட்டுத் தமிழில் எண்ணாமல் நான் ஏறுவதில்லை.

தனியாக ஓடத் தொடங்கிய கிழமையே சிக்கல் வந்தது. சனிக்கிழமை மச்சாளின் மகளுக்கு ஹொல்ஸ்டெப்ரோவிலேயே கலியாணம். அதே சனிக்கிழமை எனக்கு வேலை. புதிதாகச் சேர்ந்தவள் எப்படி மறுப்பது? மச்சாளுக்குச் சொன்னபோது, "சொந்த மருமகளின்ரை கலியாணத்தைவிட லொறி பெரிசோ?" என்று கேட்டா. நீளத்தைச் சொல்லவா என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வெள்ளி பின்னேரம் ஓட்டங்களைப் பிரித்துக்கொடுப்பவர் மறுநாள் வேலையை அனுப்பினார். காலையில் ஓர்ஹுஸுக்குள்ளேயே ஒரு சின்ன ஓட்டம். அது முடிய, தோட்டத்துக் கதிரைகள் நிரம்பிய நாற்பதடிக் கொண்டெய்னர் ஒன்று. இடம்: ஹொல்ஸ்டெப்ரோ.

திரும்பத் திரும்ப வாசித்தேன். கணவர் கலியாணத்துக்கு வேட்டி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காட்டாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். சிரிப்பு வந்தபோது குளியலறைக்குள் போய் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சனிக்கிழமை வெயில் எறித்தது. லொறியின் உயரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஜுட்லாந்துப் பக்கமே வேறு நாடுபோல இருந்தது. காரில் போகும்போது வேலிதான் தெரியும். இப்போது வேலிக்கு உள்ளே எல்லாம் தெரிந்தது: ட்ரம்போலினில் குதிக்கும் பிள்ளைகள், தானாகப் புல்லு வெட்டித்திரியும் குட்டி இயந்திரம், முதுகைக் காட்டிக்கொண்டு வெயில் காயும் ஒரு மாமா. பிள்ளைகள் கையை மேலும் கீழும் இழுத்து ஹோர்ன் கேட்டார்கள். கேட்ட அத்தனை பேருக்கும் அடித்தேன். கேட்காத ஒரு மாட்டுக்கும் அடித்தேன்.

களஞ்சியம் நகரத்தின் ஓரத்தில் தொழிற்சாலைகளுக்கு நடுவில் இருந்தது. கொண்டெய்னரைப் பின்னால் எடுத்து, இரண்டு சுவர்களுக்கிடையிலுள்ள இறக்குமேடையில் சேர்க்கவேண்டும். களஞ்சியக்காரர் வந்து பார்த்தார், கையில் கோப்பிக் கோப்பை. இன்னும் இருவர் வந்து நின்றார்கள். முதல்தரம் கோணலாகப் போனது. முன்னுக்கு இழுத்தேன். இரண்டாம்தரமும் கோணல். வியர்வை மூக்கால் வடிந்தது. தாச்சியை நினைத்துக்கொண்டேன். மிளகாய்த்தூள் இந்தப்பக்கம், உப்பு அந்தப்பக்கம். கண்ணாடியில் வால் மெல்ல நேராகி, சுவர்களுக்கிடையில் வழுக்கிக்கொண்டு போய், மேடையில் 'டொக்' என்று முட்டி நின்றது.

களஞ்சியக்காரர் ஒரு வாய் கோப்பி குடித்தார். "மோசமில்லை," என்றார். மேற்கு ஜுட்லாந்தில் அதற்கு மேலே பாராட்டுக் கிடையாது.

கதிரைகளை இறக்கி முடித்தபோது நான் கட்டாயம் முக்கால் மணித்தியாலம் ஓய்வெடுக்கவேண்டிய நேரமாகிவிட்டது. லொறிக்குள் இருக்கும் கருவி எல்லாவற்றையும் பதியும். ஓய்வு நேரத்தில் வண்டியை அசைக்கக்கூடாது. எங்கே நிறுத்துவது என்று நான் யோசிக்கவில்லை. மண்டபம் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது, அதன் முன்னால் வெட்டவெளியாகப் பெரிய கார் தரிப்பிடம்.

வெறும் கொண்டெய்னரோடு உள்ளே திரும்பினேன். ஒலிபெருக்கியில் நாதஸ்வரம் கேட்டது. வாசலில் நின்ற ஆண்கள் எல்லாரும், யாரோ பிழையான இடத்துக்கு வந்துவிட்டான் என்று கையால் திரும்பச் சொல்லி ஆட்டினார்கள். நான் லொறியை நிறுத்தி, யன்னலை இறக்கித் தலையை வெளியே நீட்டி, "கலியாணவீடு இதுதானே?" என்று கேட்டேன்.

ஆட்டிய கைகள் எல்லாம் இறங்கின. பிறகு யாரோ, "ஐயோ, இது எங்கடை ஆளடா!" என்று கத்தினார்.

செம்மஞ்சள் வேலை உடுப்போடும் இரும்பு வைத்த சப்பாத்தோடும் இறங்கினேன். தாலி கட்டி முடிந்திருந்தது. பந்தி தொடங்கவில்லை. உள்ளேயிருந்து சேலைகள் அலையலையாக வெளியே வந்தன. நடுவில் மச்சாள், அரக்குப் பட்டு, தலைநிறையப் பூ. நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். மச்சாள் லொறியை முன்னாலிருந்து பின்னால்வரை பார்த்தா. பிறகு பின்னாலிருந்து முன்னால்வரை பார்த்தா.

"இவ்வளவையும் நீரோ ஓடிக்கொண்டு வந்தனீர்?"

"ஓம் மச்சாள்."

"தனியவோ?"

"ஓம்."

மச்சாள் சேலையைத் தூக்கிச் செருகினா. "அப்ப என்னை ஏத்தும்."

நான் கீழேயிருந்து தள்ள, என் மகள் மேலேயிருந்து இழுக்க, மச்சாள் படியேறிச் சாரதி இருக்கையில் அமர்ந்தா. காற்றடித்த இருக்கை அவவை மெல்லக் கீழே இறக்கி மீண்டும் மேலே தூக்கியது. "ஐயோ!" என்று கத்திவிட்டு, ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தா. அப்படி அவ சிரித்து நான் கண்டதில்லை. ஹோர்னையும் கண்டுபிடித்துவிட்டா. உள்ளே மேளக்காரர் ஒரு கணம் நிறுத்தினார்.

அதற்குப் பிறகு ஒழுங்கு என்று ஒன்றில்லை. பெண்கள் வரிசை கட்டி ஏறினார்கள். "ஒரு சுத்துச் சுத்திக் காட்டுங்கோவன், அன்ரி," என்று கெஞ்சினார்கள். ஓர் அடி அசைத்தாலும் என் ஓய்வு கெட்டுவிடும் என்று சொல்லிச் சொல்லிக் களைத்தேன். மணப்பெண்ணும் வந்தாள், கூறைச் சேலையும் மாலையுமாக. மாலை பக்கக் கண்ணாடியில் கொளுவிக்கொள்ள, மாப்பிள்ளை சக்கரத்தில் ஏறி நின்று கழற்றிவிட்டார். பட்டு வேட்டியில் கறுப்பு எண்ணெய் அப்பியது. புகைப்படக்காரருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. அலங்கார மேடையை மறந்து எல்லாப் படத்தையும் கொண்டெய்னருக்கு முன்னாலேயே எடுத்தார்.

என் கணவர் எங்கே என்று பார்த்தேன். அவர் லொறியின் பின்பக்கத்தில் ஆண்கள் கூட்டத்தின் நடுவில் நின்றார். இரண்டு கையையும் நீட்டி, "பின்னுக்கு எடுக்கேக்கை, அண்ணை, நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் இது வலப்பக்கம் போகும். அதுதான் இதின்ரை சூட்சுமம்," என்று விளக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கையை இறக்கினார். நான் தலையாட்டினேன். அவர் திரும்பவும் கையைத் தூக்கினார்.

செம்மஞ்சள் உடுப்போடு முதல் பந்தியில் இருந்து சாப்பிட்டேன். வெளிக்கிடும்போது மச்சாள் சாப்பாட்டுப் பைகளைக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் வைத்து, தானே பட்டியும் போட்டுவிட்டா.

வீதியில் ஏறியதும் ஓட்டம் பிரிப்பவர் கூப்பிட்டார். "எங்கே நிற்கிறாய்? குரல் ஏன் இப்படி இருக்கிறது?"

"என் ஓய்வை ஒரு கலியாணவீட்டில் எடுத்தேன்."

"லொறியோடா?"

"லொறியோடு."

"சாப்பாடு இருந்ததா?"

"பக்கத்து இருக்கையில் இருக்கிறது."

"அப்படியானால் எங்கும் நிற்காமல் வா."

துறைமுகத்தில் கொண்டெய்னரைக் கொடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். அவரும் நாய்ப்பச்சைக்காரியும் வடையைக் கத்தியாலும் முள்ளாலும் வெட்டிச் சாப்பிட்டார்கள். பச்சைமிளகாய் கடிபட்டு இருவருக்கும் கண்ணால் தண்ணீர் ஓடியது. ஆனாலும் நிறுத்தவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டே அவர், "திங்கட்கிழமை ஹம்பேர்க் ஓட்டம் ஒன்று இருக்கிறது. நீ..." என்று தொடங்கினார். அவர் முடிக்குமுன் ஓம் என்றுவிட்டேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

திங்கட்கிழமை எல்லையைத் தாண்டி, முதல் தரிப்பிடத்தில் நிறுத்தி, வீட்டுக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சாருங்கோ, நான் இப்ப ஜேர்மனியிலை நிக்கிறன்!"

கணவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப இரவுச் சாப்பாட்டுக்கு நான் என்ன சமைச்சு வைக்க?"

"புட்டும் முட்டைப்பொரியலும்," என்றேன்.