மலையை விட்டு இறங்கிய ஆபீஸ்

கொல்லிமலையில் பல்கலைக்கழகம் நடத்திவந்த வேளாண் விரிவாக்க மையத்துக்கு நிதியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். ஜீப் போய்விடும், களப்பணியாளர் ராசப்பனின் வேலையும் போய்விடும். மிஞ்சுவதை வைத்து ஒரு திட்டம் போட்டுத் தரும்படி மேலதிகாரி ஜான்பீட்டர் விமலாவிடம் சொன்னார்.

திண்டுக்கல்லிலிருந்து வந்து மலையிலேயே தங்கி, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கியவள் விமலா. எல்லாவற்றையும் பிடித்துவைக்கப் பார்த்தால் மையமே மூடிப்போகும் என்று பயந்தாள். அதனால் ஆபீஸை மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்துக்கு இறக்கிவிடலாம், விவசாயிகள் போனில் படம் அனுப்பினால் ஆலோசனை சொல்லலாம் என்று எழுதிக்கொடுத்தாள்.

"தோட்டத்துப் பக்கம் இனி ஆரு வருவாங்க மேடம்?" என்று கேட்டார் ராசப்பன்.

"தேவைன்னா அவங்க கீழ வருவாங்க."

 மறுவாரம் ராசப்பன் கட்டட வேலைக்கு நாமக்கல் போய்விட்டார்.

அந்த மழைக்காலத்தில் மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பகுதியிலிருந்து ஒருவரும் படம் அனுப்பவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது போலும் என்று விமலா நிம்மதியாக இருந்தாள். ஐப்பசியில் சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் இருசாயியைத் தற்செயலாகப் பார்த்தாள். வளப்பூரிலேயே செழிப்பான மிளகுத் தோட்டம் இருசாயியுடையது.

"மொளகு எப்படிக்கா இருக்கு?"

"பாதிக்கு மேல போயிருச்சுங்க. எல மஞ்சளாச்சு, பொறவு கொடியே வாடிருச்சு."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணுனனுங்க. அந்த ஆபீஸ் நம்பர்ல போட்டோ அனுப்பச் சொன்னாங்க. நம்மகிட்ட இருக்கறது பட்டன் போனு. ரெண்டு எல மஞ்சளானதுக்கு ஒரு நா கூலிய உட்டுட்டு எப்படி வாரதுங்க?" இருசாயி அதைக் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. "நீங்க இருந்தா அந்தப் பக்கம் வாரப்பவே பாத்திருப்பீங்க கண்ணு."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகாமல் விமலா மலை பஸ் ஏறினாள். இருசாயியின் தோட்டத்தில், சில்வர் ஓக் மரங்களில் படரவிட்டிருந்த மிளகுக் கொடிகள் கருத்துக் காய்ந்து தொங்கின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். வேர் அழுகிப் போயிருந்தது. முதல் மழையிலேயே வேரில் மருந்து ஊற்றியிருந்தால் பெரும்பகுதியைக் காப்பாற்றியிருக்கலாம். அவளும் இருசாயியும் சேர்ந்து செத்த கொடிகளைப் பிடுங்கி எரித்தார்கள், பிழைத்திருந்தவற்றுக்கு மருந்து ஊற்றினார்கள். ஒரு வரிசைதான் கடைசியில் தேறியது.

தை மாதம் பல்கலைக்கழகக் கூட்டத்தில் விமலாவின் திட்டத்தைப் பாராட்டினார்கள். மற்ற மலை மையங்களையும் இப்படியே மாற்றப்போவதாக அறிவித்தார்கள். விமலா எழுந்து இருசாயியின் தோட்டத்தைப் பற்றிச் சொன்னாள். படம் வராததை நல்ல சேதியென்று தான் நினைத்துக்கொண்டிருந்ததையும் சொன்னாள். பொறுமையாகக் கேட்டார்கள்.

"வருத்தமாத்தான் இருக்கு விமலா," என்றார் ஜான்பீட்டர். "ஆனா உத்தரவு போட்டாச்சு."

வைகாசியில் அவள் மாதம் இரண்டு ஞாயிறு மலைக்குப் போக ஆரம்பித்தாள். பஸ் போகிற ஊர்களுக்கு மட்டும்தான் அவளால் போக முடிந்தது. அதற்குள் இருசாயி மிளகு செத்த இடத்தில் பாதியை மரவள்ளிக்கு மாற்றிவிட்டாள்.